லாபம், ரெண்டு, மூணு, நாலு

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். செபமாலையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று மணியும் முடிந்தது, கோபம் முடியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "மன்னிச்சிருங்கம்மா" என்றார் சாமியார். "மன்னிச்சுட்டேன் சாமி, கோவம் மட்டும் எறங்க மாட்டேங்குது" என்றேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். கடலை போடுகிற வீடு எங்களுடையது. கோயிலில் பாடகர் குழுவில் பாடுகிறேன். ஊர்ப் பேரும் ஆள் பேரும் எழுதப் போவதில்லை. ஆவூர்ப் பக்கம், மாதா கோயில் இருக்கிற ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் படித்தால் யாரென்று தெரியும். தெரியட்டும்.

அவரிடம் ஒரு பழக்கம். எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டார். ஒரு நொடி விடுவார். "அண்ணே, மோட்டார் ரெடியா?" என்று கேட்டால் அந்த ஒரு நொடி சும்மா போகும். அதற்குப் பிறகுதான் "ரெடி ஆத்தா" என்று வரும். முதல் தடவை கேட்கிறவர்களுக்கு, இவருக்குக் காது மந்தமோ என்று தோன்றும். போன் பண்ணினால் எடுத்ததும் பேச மாட்டார். நாம் ரெண்டு தடவை "ஹலோ, ஹலோ" என்று கத்தி, லைன் கிடைக்கவில்லை என்று கட் பண்ணப் போகிற நேரத்தில் "சொல்லாத்தா" என்பார்.

பஸ்ஸிலும் அப்படித்தான். கீரனூர் பஸ் வந்து நின்றால் எல்லாரும் முண்டியடித்து ஏறி முடித்த பிறகு கடைசி ஆளாக ஏறுவார். பந்தியில் எல்லா எலைக்கும் சோறு விழுந்த பிறகுதான் தன் எலையில் கை வைப்பார். "எதுக்குண்ணே இப்படி?" என்று கேட்டிருக்கிறேன். "மொத அடி ஆண்டவருக்கு ஆத்தா. நாம ரெண்டுலேருந்துதான்" என்பார். அவர் சொன்னது தாளத்தைத்தான். அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் தொழிலைச் சொல்லிவிடுகிறேன்.

பஸ் ரோட்டில், எரிந்துபோன போர் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். வளைகுடாவில் பன்னிரண்டு வருஷம் எலக்ட்ரீசியனாக இருந்துவிட்டு வந்தவர். எங்கள் வீட்டு மோட்டார் எரிந்துபோனால் எங்க வீட்டுக்காரர் டிவிஎஸ்ஸில் வைத்துக் கட்டிக்கொண்டு அவரிடம்தான் போவார். காயில் சுற்றும்போது எத்தனை சுற்று என்று வாய்விட்டு எண்ணுவார். எண்ணும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார். "ரெண்டு, மூணு, நாலு" என்றுதான் ஆரம்பிக்கும். எங்க வீட்டுக்காரர் ஒரு நாள், "ஒரு சுத்து கொறையுதேண்ணே, மோட்டார் எப்படி ஓடும்?" என்று கேட்டுவிட்டார். ஒரு நொடி போனது. "சுத்துனது இருக்கு மாப்ள. சொல்லலை, அம்புட்டுத்தான்" என்றார்.

அவர் கோயிலுக்கு முதல் தடவை கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்த ஞாயிற்றுக்கிழமை இப்பவும் கண்ணில் நிற்கிறது. சாதாரணக் கிடார் இல்லை, பேஸ் கிடார். நாலே நாலு தந்தி, ஒவ்வொன்றும் தாம்புக்கயிறு மாதிரி. இன்னொரு கையில் ஒரு சின்னப் பெட்டி. பார்த்தால் பிள்ளைகளின் விளையாட்டுக் கீபோர்டு மாதிரி இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் வரும். குழாயை வாயில் வைத்து ஊதிக்கொண்டே கட்டையை அமுக்க வேண்டும். அதற்கு மெலோடிக்கா என்று பேர் சொன்னார். எங்களுக்கு வாயில் நுழையவில்லை. ஊதுபொட்டி என்று வைத்துக்கொண்டோம்.

அப்போது எங்கள் குழுவில் இருந்தது ஒரு ஆர்மோனியம், ஒரு டோலக். டோலக் வாசிப்பவர் எனக்குக் கொழுந்தன் முறை. வாய் சும்மா இருக்காது. "என்ன பாட்டு அண்ணே வாசிக்கப் போறீங்க?" என்று அவர்தான் கேட்டார்.

"ரெகே."

"ரேக்ளாவா? மாட்டு வண்டிப் பந்தயத்துக்கா?"

எல்லாரும் சிரித்தோம். எங்கள் பக்கம் ரேக்ளா தெரியாத ஆள் கிடையாது. ஜமைக்கா என்கிற தீவிலிருந்து வந்த வெளிநாட்டுப் பாட்டு யாருக்குத் தெரியும்? அவரும் அந்த ஒரு நொடியை விட்டுவிட்டு, "ரேக்ளாதான்னு வச்சுக்கங்க. ஆனா இந்த மாடு ஓடாது. நடக்கும்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் ஊரில் அதற்கு ரேக்ளாத் தாளம் என்றே பேர் ஆகிவிட்டது.

சொல்லிக் கொடுப்பது அவருக்கு லேசாக இல்லை. கொழுந்தனுக்குக் கை எடுத்ததும் முதல் அடியில் "தொம்" என்று விழும். அதுதானே பழக்கம். "அதை விடு" என்பார் இவர். "விட்டா பாட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு எப்படித் தெரியும்?" என்பார் கொழுந்தன். நாலு வாரம் இந்தச் சண்டை. அஞ்சாவது வாரம் இவர் கேட்டார்.

"களத்துல நெல்லு அளக்குறப்ப எப்படி எண்ணுவீங்க?"

"லாபம், ரெண்டு, மூணு, நாலு."

"ஒண்ணுன்னு ஏன் சொல்றதில்ல?"

"மொத மரக்காலுக்கு லாபம்னுதான் சொல்லணும். எங்கப்பன் காலத்துலேருந்து அதான்."

"அந்த லாபத்தை மனசுக்குள்ள சொல்லு. கையைத் தூக்காதே. மூணுல போடு ஒரே அடி. ரெண்டுலயும் நாலுலயும் ஆர்மோனியக்காரர் சச்சுன்னு வெட்டி எடுக்கட்டும்."

லாபம். சச். தொம். சச்.

கொழுந்தன் கை அன்றைக்குப் படிந்தது. ஆர்மோனியம் சமையல்கட்டில் காய் நறுக்குகிற மாதிரி சச், சச் என்று வெட்டிக்கொண்டே வந்தது. அடியில் இவருடைய கிடார், சத்தம் போடாமல், நெஞ்சாங்கூட்டுக்குள் நடந்தது. அதுவும் முதல் அடியில் வாய் திறக்காது. அந்த இடத்தில் ஒரு குழி. நான் பாடிக்கொண்டிருக்கும்போது அந்தக் குழியில் கால் வைத்துவிடுவேனோ என்று முதலில் பயமாக இருந்தது. போகப் போக, அந்தக் குழியில் யாரோ நிற்கிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது. அவர் சொன்னதுதான். முதல் அடி ஆண்டவருக்கு. புதுக்கடலை பிடுங்கினால் முதல் மரக்காலை மாதா காலடியில் கொட்டிவிட்டுத்தானே வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். எனக்கு அது புரிந்தது. சங்கீதம் தெரியாத எனக்கே புரிந்தது.

பாட்டுக்கு நடுவில் ஊதுபொட்டியை எடுப்பார். ரொம்ப வாசிக்க மாட்டார். நான் ஒரு அடி பாடி மூச்சு வாங்குகிற இடத்தில் மட்டும் பதில் சொல்கிற மாதிரி நாலு சுரம். பிறகு சும்மா இருப்பார். "இன்னும் கொஞ்சம் வாசிங்கண்ணே, நல்லாருக்கு" என்றால், "நீ மாதாகிட்ட பேசிக்கிட்டு இருக்கே. நடுவுல நான் எதுக்குப் பேச்சை வளக்கணும்?" என்பார்.

ஏழு சுரத்தில் ரெண்டைத் தாண்டிவிட்டு அஞ்சில்தான் நிற்பார். ஒரு தடவை ஊதுபொட்டியை வைத்துக் கடையில் வாசித்துக்கொண்டிருந்தபோது, மோட்டார் கொடுக்க வந்த நாயனக்காரர் ஒருவர் நின்று கேட்டாராம். பக்கத்து ஊர்ப் பிள்ளையார் கோயிலில் வாசிக்கிறவர். "ஏங்க, இது எங்க சுத்த தன்யாசி ராகமாச்சே" என்றாராம். இவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். எங்களிடம் வந்து சொன்னார், "நான் என்னமோ கடல் கடந்து கொண்டாந்தேன்னு நெனச்சேன். இங்கிட்டு முன்னாடியே இருந்திருக்கு."

சில பாட்டில் மட்டும் ஆறாவது சுரத்தையும் சேர்ப்பார். அதை அரைக்கட்டை தூக்கி வைப்பார். துக்கமாகப் போய்க்கொண்டிருக்கிற பாட்டு அந்த இடத்தில் லேசாக முகம் மாறும். "ஆறாவதைத் தூக்கி வச்சா, அழுவுறவங்க கண்ணைத் தொடச்சுக்கிட்டு நிமிந்து பாப்பாங்க" என்பார். அது என்ன கணக்கோ. என் மாமியார் செத்த எட்டாம் நாள் பூசையில் அவர் அதை வாசித்தபோது நான் நிமிர்ந்து பார்த்தேன். அது மட்டும் தெரியும்.

இப்போது பெல்ட்டு விஷயத்துக்கு வருகிறேன். கோபம் அங்கேதான் இருக்கிறது.

கிடாரைத் தோளில் மாட்ட அவர் ஒரு பெல்ட்டு வைத்திருந்தார். கையால் தைத்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு, மூன்று கலர் துணி பக்கத்தில் பக்கத்தில். வேர்வையில் கழுத்துப் பக்கம் கறுத்துப் போயிருந்தது. "கொடுங்கண்ணே, அலசிப் போட்டுத் தாரேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கேட்டேன். வேண்டாம் என்றார். அப்புறம் எதனாலோ எனக்கு மட்டும் சொன்னார். கோயில் வாசலில் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டு சொன்னார்.

வளைகுடாவில் ஒரு அறையில் பன்னிரண்டு பேர். மேல் கட்டிலில் ஒரு எத்தியோப்பியாக்காரர். அவர்தான் இந்தப் பாட்டையெல்லாம் இவருக்குக் காட்டிக் கொடுத்தவர். நம்மை மாதிரி சிலுவை போடுகிறவர். புதன், வெள்ளி ரெண்டு நாளும் ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான். மாதாவை மரியம் என்றுதான் கூப்பிடுவாராம். அவங்க நாட்டுக் கொடியில் இருக்கிற மூன்று கலரில் துணி வாங்கி, தன் கையால் இவருக்கு அந்த பெல்ட்டைத் தைத்துக் கொடுத்தார். ஒரு கோடையில் வேலை முடித்து வந்து படுத்தவர் மறுநாள் எழுந்திரிக்கவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பேச்சுவாக்கில், "உங்க ஊர் மரியம் கோயில்ல எனக்காக ஒரு பாட்டு வாசிப்பியா?" என்று கேட்டிருக்கிறார். இவர் சரி என்றிருக்கிறார்.

"அதான் ஆத்தா, நேர்ச்சை. வருஷா வருஷம் திருவிழாப் பூசையில மாதா பாட்டு ஒண்ணு. இந்த பெல்ட்டோட. நான் உசுரோட இருக்கிற வரைக்கும்."

இதுதான் அந்த பெல்ட்டு. இதற்குமேல் அதில் ஒன்றும் கிடையாது.

எங்கள் ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று ரெண்டு உண்டு. நான் மேலத்தெரு. அவர் கீழத்தெரு. கோயிலுக்குள் தெரு கிடையாது என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். பெஞ்சில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று வந்து பாருங்கள், தெரியும். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பையன் கையில் கட்டியிருக்கிற கயிற்றின் கலரைப் பார்த்தே எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார்கள். படித்த பிள்ளைகள், கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள், கலருக்கு வெட்டிக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் மூன்று கலர் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஒருவர் பீடத்துக்குப் பக்கத்தில் நின்றால் என்ன ஆகும்?

மேலத்தெருக்காரர்களுக்கு அதில் கீழத்தெருக் கொடி தெரிந்தது. "கோயிலுக்குள்ளேயே கொடியைக் கொண்டாந்துட்டான்" என்றார்கள். கீழத்தெருக்காரர்களுக்கு அதில் மேலத்தெருக் கலர் தெரிந்தது. "அவங்க கலரை எதுக்கு நீ தோள்ல போட்டுக்கிட்டு நிக்கிறே? வித்துட்டியா?" என்று அவர் கடைக்கே போய்க் கேட்டார்கள். மூன்று கலரில் அவரவருக்கு வேண்டிய ரெண்டைத்தான் பார்த்தார்கள். மிச்சம் ஒன்று யார் கண்ணிலும் படவில்லை. ஊரில் ரெண்டு தெருவும் சேர்ந்து ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவைக்குத் தலைவர் எங்கள் சித்தப்பா. அப்பா கூடப் பிறந்தவர். எனக்குக் கல்யாணத்தில் முன்னால் நின்றவர். அவரைப் பற்றி இப்படி எழுதுகிறேனே என்று எங்க வீட்டுக்காரர்கூடக் கேட்டார். எழுதத்தான் செய்வேன்.

திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து பேரவைக் கூட்டம், கோயிலுக்குள்ளேயே. பாடகர் குழுவையும் இருக்கச் சொன்னார்கள். அவர் கிடாரை உறையில் போடாமல் தோளிலேயே மாட்டியிருந்தார். புதுப் பாட்டு ஒத்திகை இருந்தது.

சித்தப்பா எழுந்து நேராகக் கேட்டார். "அது என்ன கொடிய்யா?"

அவர் வழக்கம்போல் ஒரு நொடி விட்டார்.

அந்த ஒரு நொடிதான். "பாத்தீங்களா, பதில் வரல" என்றார் சித்தப்பா. "இருந்தாச் சொல்லியிருப்பான்ல." அதற்குள் பின்னால் இருந்து ஒருவர் போனைத் தூக்கிக் காட்டினார். "இந்தப் பாட்டு பாடுறவங்க பூராவும் கஞ்சாக் குடிக்கிறவங்க தலைவரே. படத்தோட போட்டிருக்கு பாருங்க." போன் கை மாறிக் கை மாறிப் போனது. கல்யாண வீட்டுக் கச்சேரியில் பாடுகிறவன் என்ன குடித்துவிட்டுப் பாடுகிறான் என்று இவர்கள் யாராவது போனில் பார்த்ததுண்டா? இவர் பீடி குடித்துக்கூட நான் பார்த்ததில்லை.

"பெல்ட்டைக் கழட்டிட்டு வாசிக்கிறதுன்னா வாசி. இல்லேன்னா வேண்டாம். கோயில்ல ஏறுற கொடி ஒண்ணுதான் இருக்கணும்" என்றார் சித்தப்பா.

"கழட்ட முடியாதுங்க" என்றார் அவர். "நேர்ச்சை."

"என்ன நேர்ச்சை? யாருக்கு?"

மறுபடியும் அந்த ஒரு நொடி. எனக்கு அவர் பேசப் போகிறார் என்று தெரியும். வாய் திறந்தது. நான் பார்த்தேன். அதற்குள் சித்தப்பா ரெண்டு எட்டு வைத்து வந்து பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். தையல் விட்டது. கிடார் போய் பெஞ்சு முனையில் விழுந்தது. தந்தி முறுக்குகிற காது ஒன்று உடைந்து தெறித்தது. அந்தத் தடித்த தந்தி "ம்ம்" என்று கோயில் முழுவதும் இரைந்துகொண்டே இருந்தது. நிற்கவே இல்லை.

கொழுந்தன் டோலக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கை மடங்கியிருந்தது. அவரும் மேலத்தெருதான், இருந்தாலும் எழுந்தார். கிடார் அண்ணன் கொழுந்தன் கையைப் பிடித்தார்.

"விடு. மொத அடி ஆண்டவருக்கு."

குனிந்து கிடாரை எடுத்தார். உடைந்த காதைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். பெல்ட்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டார். பீடத்தைப் பார்த்து முழங்கால் மடக்கி எழுந்து, வெளியே போனார். போகும்போதும், சத்தம் கேட்டு வாசலில் கூட்டமாக நின்றவர்கள் உள்ளே வந்து முடிக்கும்வரை ஒதுங்கி நின்றுவிட்டுத்தான் போனார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும் அது என்ன கொடி என்று. ஊரிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். எத்தியோப்பியாக்காரர், ஒருசந்தி, மரியம், எல்லாம் தெரியும். நான் பாட்டுப் புஸ்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா முன்னால் பொம்பளை பேசக் கூடாது. மேலத்தெருப் பொம்பளை கீழத்தெரு ஆளுக்காகப் பேசினால் வேறு விதமாகப் பேசுவார்கள். வேப்ப மரத்தடியில் என்ன பேச்சு என்று கேட்பார்கள். இதெல்லாம் அந்த நேரத்தில் என் மனசில் ஓடியது. முதலில் அவர் பேசட்டும், பிறகு நான் சொல்கிறேன் என்று இருந்தேன். அவர் பேச்சு வரவில்லை, என் பேச்சும் வரவில்லை. சித்தப்பா மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேல் இருக்கிற கோபம். அதையும் எழுதிவிட்டேன்.

அந்த வருஷம் திருவிழாவில் அவர் வாசிக்கவில்லை. கொஞ்ச நாள் ஞாயிற்றுப் பூசைக்கு வந்து, வாசலுக்கு வெளியே சைக்கிள் நிற்கிற இடத்தில் நின்றே பூசை கண்டார். பிறகு கடையைக் காலி பண்ணிக்கொண்டு குடும்பத்தோடு கீரனூர் போய்விட்டார். இப்போது அங்கேயிருந்து பஸ்ஸில் திருச்சிக்கு ஒரு மோட்டார் கம்பெனி வேலைக்குப் போகிறார். எங்கள் ஊரில் ரெண்டு தெருவும் நிம்மதியாகிவிட்டன. கயிற்றுச் சண்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த வருஷத் திருவிழாவுக்குப் பேரவையில் ஒரு கீபோர்டுக்காரரைத் திருச்சிப் பக்கத்திலிருந்து ஏற்பாடு பண்ணியிருந்தார்கள். நல்ல மனுஷன். எந்தப் பாட்டைச் சொன்னாலும் ஒரு பட்டனை அமுக்குவார், அதுவே தாளம் போட்டுக்கொள்ளும். காலைப் பூசையில், நன்மை என்கிற அப்பம் வாங்குகிற நேரத்தில், மாதா பாட்டு. அவர் ஏதோ ஒரு பட்டனை அமுக்கினார்.

சச். தொம். சச்.

கொழுந்தனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் கை தானாக முதல் அடியில் அந்தரத்தில் நின்றது. ஆர்மோனியக்காரர் தானாக வெட்ட ஆரம்பித்தார். நானும் அந்தக் குழியை விட்டுவிட்டுப் பாடினேன். நாங்கள் மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் பாடி முடித்தோம். நன்மை வாங்க வரிசையில் வந்தவர்கள்கூட அந்த நடைக்கு நடந்தார்கள். சித்தப்பாவும் நடந்தார். நான் கண்ணால் பார்த்தேன்.

பூசை முடிந்து பந்தல் போட்டு எல்லாருக்கும் சாப்பாடு. ஊரே அங்கே இருந்தது. சித்தப்பா கீபோர்டுக்காரரைத் தேடிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார்.

"தம்பி, நன்மைப் பாட்டுக்கு ஒரு தாளம் போட்டீங்களே. எத்தனை வருசமாச்சு இப்படி மனசு எளகி. என்ன தாளம் அது?"

"ரெகேங்க."

"ரேக்ளாவா?"

"ரேக்ளா இல்லீங்க அய்யா. ரெகே. இந்தா, இதுல பட்டனே இருக்கு."

பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் கை நின்றது. ரேக்ளா என்ற வார்த்தை எங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது? அஞ்சு வருஷமாக யாரும் அதை வாயில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். கொழுந்தன் எலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "அந்த மாடு ஓடாது தலைவரே. நடக்கும்."

சித்தப்பாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. நான் எழுந்தேன். எச்சில் கையோடு எழுந்தேன்.

"சித்தப்பா, இந்தத் தாளத்தைத்தான் நீங்க பெஞ்சுல அடிச்சு ஒடைச்சீங்க."

"நீ உக்காரு ஆத்தா. சாப்புடு."

"உக்கார மாட்டேன். அது கீழத்தெருக் கொடியும் இல்ல, மேலத்தெருக் கொடியும் இல்ல. எத்தியோப்பியா நாட்டுக் கொடி. நம்ம மாதாவைக் கும்புடுற ஒரு மனுசன் தன் கையால தச்சுக் கொடுத்தது. அந்த மனுசன் செத்துப் போனாரு. அவருக்கு நேந்துக்கிட்ட பாட்டுதான் அது. எனக்கு அன்னிக்கே தெரியும். சொல்லாதது என் பாவம். கேக்காதது உங்க பாவம்."

சித்தப்பா சுற்றும் முற்றும் பார்த்தார். வயசாகிவிட்டது அவருக்கு. "அவன் அன்னிக்கே வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"கேட்டுட்டு ஒரு நொடி நீங்க பொறுத்திருக்கலாம்ல?"

மேல் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் எங்க வீட்டுக்காரரிடம், "ஒன் பொண்டாட்டி என்னைச் சபையில அவமானப்படுத்திட்டா" என்று சொன்னாராம். எங்க வீட்டுக்காரர் "நானும் அங்கதான் மாமா இருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அது எனக்குப் போதும்.

திருவிழா அன்றைக்குச் சாயங்காலமே கீரனூருக்குப் போன் பண்ணினேன். மணி அடித்தது. எடுத்தார். வழக்கம்போல் ஒன்றும் பேசவில்லை. நான் "ஹலோ" என்று கத்தவில்லை. பொறுத்தேன்.

"சொல்லாத்தா."

எல்லாவற்றையும் சொன்னேன். பட்டனை, கொழுந்தன் கையை, சித்தப்பா நடந்ததை, நான் பேசியதை. அழுகை வேறு வந்துவிட்டது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னால் பஸ் ஆரன் சத்தம் கேட்டது.

"டோலக்கு லாபத்தை விட்டுச்சா?" என்று கேட்டார்.

"விட்டுச்சுண்ணே."

"நீ?"

"நானும் விட்டேன்."

"அப்ப சரி. நேர்ச்சை நின்னு போகல."

அதைக் கேட்டதும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. ஒரு மனுஷனுடைய கிடாரை உடைத்து, ஊரை விட்டு அனுப்பி, அவர் தாளத்தைப் பட்டனில் வாங்கி ரசித்துவிட்டு எலையில் கை நனைக்கிறார்கள். இவர் அப்ப சரி என்கிறார். எதில் சரி? நாங்கள் வாசித்தால் அது ஊர் வாசித்தது. பெல்ட்டோடு அவர் நின்று வாசிப்பதாகத்தானே நேர்ந்துகொண்டார்.

"அண்ணே, எனக்கு அது பத்தாது. அடுத்த திருவிழாவுக்கு நீங்க வரணும். பெல்ட்டோட. தையல் விட்டதை நான் தச்சுத் தாரேன். பொம்பளைங்க பக்கத்துல நிக்க மாட்டேன், ஒங்க பக்கத்துல நின்னு பாடுறேன். எவன் கேட்டாலும் பதில் நான் சொல்றேன். வருவீங்களா?"

அந்தப் பக்கம் பேச்சில்லை. நான் மனசுக்குள் எண்ணினேன். லாபம். ரெண்டு. மூணு. நாலு. மறுபடியும் லாபத்திலிருந்து எண்ணினேன். பதில் வரவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.